பக்கத்து வீட்டின் பச்சைக் கொடி

பக்கத்து வீட்டுக்காரர் நமக்கு உறவினர் அல்ல. நண்பர் என்றும் சொல்லிவிட முடியாது. நாம் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஆளும் இல்லை. குவார்ட்டர்ஸ் அலாட்மென்ட் ஆர்டரில் நமக்கு என்ன எண் விழுந்ததோ, அதற்கு அடுத்த எண் அவருக்கு விழுந்தது, அவ்வளவுதான். ஆனாலும் ஊரையும் உற்றாரையும் விட்டுப் பிழைப்புக்காக வந்த நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு, நடுராத்திரியில் தயங்காமல் கதவைத் தட்டக்கூடிய ஒரே இடம் அவர் வீடுதான். சென்னையில் இருக்கும் அண்ணன் ரயில் பிடித்து வந்து சேர ஒரு இரவு ஆகும். அமெரிக்காவில் இருக்கும் மகன் வர இரண்டு நாள் ஆகும். பக்கத்து வீட்டுக்காரர் வர அரை நிமிடம் போதும்.

ராமச்சந்திராபுரத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இந்த ஊரே அயலாரை நம்பி உண்டானது. 1964-ல் பி.எச்.இ.எல். நிறுவனம் உருவானபோது திருச்சி, ராமச்சந்திராபுரம், ஹரித்வார் என்று மூன்று இடங்களில் தொழிற்சாலைகள் எழுந்தன. திருச்சிக்கும் நமக்கும் செக்கோஸ்லோவாக்கியா உதவியது, ஹரித்வாருக்கு ரஷ்யா உதவியது. ஆகவே திருச்சியும் ராமச்சந்திராபுரமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. அதன்பின் 1972-ல் பட்டாஞ்செருவில் இக்ரிசாட் வந்தது. எண்பதுகளில் எத்துமைலாரத்தில் படைக்கலத் தொழிற்சாலை வந்தது. ஒவ்வொன்றோடும் தமிழ்க் குடும்பங்கள் வந்தன. அப்போது இது மேதக் மாவட்டத்து ஊர். ஹைதராபாத் என்பது பஸ் பிடித்துப் போய்வரும் தூரத்தில் இருந்தது. 2003-ல்தான் லிங்கம்பள்ளிக்கு எம்.எம்.டி.எஸ். ரயில் ஓடத் தொடங்கியது. 2007-ல் பெருநகர மாநகராட்சிக்குள் சேர்ந்தோம்.

டவுன்ஷிப்பின் ஆரம்ப நாட்களைப் பற்றி மூத்தவர்கள் சொல்வார்கள். ஒரே வரிசையில் ஒரு தமிழர், ஒரு ஆந்திரக்காரர், ஒரு மலையாளி, ஒரு வங்காளி என்று வீடுகள் இருக்கும். யாருக்கும் சொந்தக்காரர்கள் பக்கத்தில் இல்லை. பிரசவ வலி எடுத்தால் துணைக்குப் போவது அடுத்த வீட்டு அம்மாள். கணவர் நைட் ஷிப்ட் போனால் குழந்தைகள் படுப்பது எதிர் வீட்டுக் கூடத்தில். உறை மோருக்கு ஒரு கிண்ணம் போகும், திரும்பி வரும்போது அதில் கொஞ்சம் கோங்குரா துவையல் இருக்கும். சங்கராந்திக்கு நம் வீட்டுச் சர்க்கரைப் பொங்கல் போனால், அங்கிருந்து சகினாலும் அரிசெலுவும் வரும். அரிசெலுவைக் கடித்துப் பார்த்து, 'இது நம்ம அதிரசம்தானே!' என்று நம் பெண்மணிகள் ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள்.

நவராத்திரி இன்னும் விசேஷம். மகாளய அமாவாசையன்று தெலங்கானா வீடுகளில் பதுக்கம்மா தொடங்கும், மறுநாள் நம் வீடுகளில் கொலு தொடங்கும். அவர்கள் தட்டில் அடுக்கும் தங்கேடுப் பூ வேறொன்றுமில்லை, நம் ஊர் ஆவாரம்பூ. இன்று அது தெலங்கானாவின் மாநில மலர். அவர்கள் நம் கொலுவுக்கு வந்து சுண்டல் வாங்கிக்கொள்வார்கள், நம் பெண்கள் அவர்களோடு வட்டமாக நின்று கைதட்டி ஆடுவார்கள். இதை யாரும் தேசிய ஒருமைப்பாடு என்று பெயர் வைத்துச் செய்யவில்லை.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. குவார்ட்டர்ஸ்வாசிகள் ஓய்வு பெற்று எம்.ஐ.ஜி., எல்.ஐ.ஜி. காலனிகளிலும் அசோக் நகரிலும் சுற்றுப்புற அடுக்குமாடிகளிலும் குடியேறிவிட்டார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டில் இருப்பது இருவர், சில வீடுகளில் ஒருவர் மட்டும். கதவுகள் சாத்தியே இருக்கின்றன. யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. குவார்ட்டர்ஸில் முன்வாசலும் கொல்லைப்புறமும் நம்மைப் பழக வைத்தன. அடுக்குமாடியில் நான்கு கதவுகளும் ஒரு லிப்டும்தான் இருக்கின்றன. அங்கே தானாக நடந்த காரியம் இங்கே தானாக நடக்காது. நாமாக ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். அது என்ன வழக்கம் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம் தருகிறேன். தென் மத்திய ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். நீங்கள் ரயிலில் போகும்போது இதைக் கவனித்திருப்பீர்கள். வண்டி நிற்காத சின்ன ஸ்டேஷனிலும் ஒருவர் வெளியே வந்து பச்சைக் கொடி பிடித்து நிற்பார். இரவானால் பச்சை விளக்கு. எதிர்ப்பக்கத்தில் பாயிண்ட்ஸ்மேன் நிற்பார். லெவல் கிராஸிங்கில் கேட்மேன் நிற்பார். வண்டியிலிருந்து டிரைவரும் கார்டும் பதிலுக்குக் கொடி காட்டுவார்கள். கார்டை 2022 முதல் டிரெயின் மேனேஜர் என்கிறோம். இதற்கு 'ஆல்ரைட் சிக்னல் மாற்றிக்கொள்வது' என்று பெயர்.

சிக்னல் கம்பத்தில்தான் பச்சை எரிகிறதே, கொடி எதற்கு என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். சரக்கு வண்டி ஒன்று ஏறத்தாழ 700 மீட்டர் நீளம் இருக்கும். முன்னால் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு முப்பதாவது வேகனின் சக்கரம் தெரியாது. அங்கே அச்சின் பேரிங் சூடேறிப் புகையலாம். அதை 'ஹாட் ஆக்ஸில்' என்போம். அப்படியே ஓடவிட்டால் அச்சு முறிந்து வண்டி தடம் புரளும். ஏதாவது ஒரு பாகம் கழன்று தொங்கலாம், ஒரு கதவு திறந்து ஆடலாம். ஓடுகிற வண்டியில் இருப்பவருக்கு அது தெரியாது. வெளியே நின்று பார்ப்பவருக்கே தெரியும். ஒரு பக்கம் நிற்பவருக்கு மறுபக்கம் தெரியாது என்பதால்தான் இரு பக்கமும் ஆள் நிற்கிறார்கள். கடைசி வண்டியின் பின்னால் இருக்கும் பலகையையோ விளக்கையோ பார்த்த பிறகுதான் வண்டி முழுசாகப் போய்ச் சேர்ந்தது என்று ஸ்டேஷன் மாஸ்டர் ஒப்புக்கொள்வார். சந்தேகம் இருந்தால் உடனே அடுத்த ஸ்டேஷனுக்குச் சொல்லி, வண்டியை நிறுத்திப் பார்க்க வைப்பார்.

இப்போது பாதையோரம் சூட்டை அளக்கும் கருவிகளும் வந்துவிட்டன. இருந்தும் கொடி பிடித்து நிற்பதை நிறுத்தவில்லை.

அடுத்த ஸ்டேஷனுக்குச் சொல்வதன் அருமை என்ன என்பதற்கு போபால் ஒரு சாட்சி. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு நச்சுவாயு பரவியபோது போபால் ஸ்டேஷனில் டெபுடி ஸ்டேஷன் சூப்பரிண்டெண்டாக இருந்தவர் குலாம் தஸ்தகீர். பிளாட்பாரத்தில் நின்றிருந்த கோரக்பூர் எக்ஸ்பிரஸை, மேலிருந்து உத்தரவு வரும்வரை காத்திராமல், நேரத்துக்கு முன்பே கிளப்பி அனுப்பினார். பக்கத்து ஸ்டேஷன்களுக்குச் செய்தி அனுப்பி போபாலுக்கு வரும் வண்டிகளை நிறுத்தச் சொன்னார். பல நூறு உயிர்கள் தப்பின. அவர் உடல் அந்த இரவோடு கெட்டது. 2003-ல் காலமானார்.

இனி வீட்டுக்கு வருவோம். நம் வண்டியின் சூடேறிய அச்சு நமக்குத் தெரியாது. பக்கத்து ஸ்டேஷன்காரர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாவது மாடியில் எழுபது வயதைக் கடந்த ஒரு மாமி தனியாக இருக்கிறார். பால்காரப் பையன் விடியற்காலை கதவுத் தாழ்ப்பாளில் தொங்கும் துணிப்பையில் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போவான். ஐந்தரைக்கெல்லாம் மாமி அதை எடுத்துவிட்டு, வாசலில் நான்கு புள்ளியில் ஒரு சின்னக் கோலம் போடுவார். ஒரு நாள் எதிர் வீட்டுத் தெலுங்கு அம்மாள் பேரனை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றுவதற்காக ஏழேகாலுக்குக் கதவைத் திறந்தார். பால் பை தொங்கிக்கொண்டிருந்தது. கோலம் இல்லை. மணி அடித்தார், பதில் இல்லை. போன் செய்தார், உள்ளே மணி அடிப்பது வெளியே கேட்டது. உடனே எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். 'அன்னகாரு, மாமி கதவு திறக்கலே' என்று பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகச் சொன்னார். துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக மாமி என் மனைவியிடம் எப்போதோ கொடுத்த சாவி எங்கள் வீட்டில் இருந்தது.

திறந்து பார்த்தால் குளியலறை வாசலில் மாமி விழுந்து கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. நினைவு இருந்தது. 108-க்குப் போன் செய்தோம். ஆஸ்பத்திரியில் மறுநாளே ஆபரேஷன் நடந்தது. இன்று வாக்கர் வைத்து நடக்கிறார், கோலமும் போடுகிறார், உட்கார முடியாததால் ஒரு ஸ்டூலில் இருந்தபடி. விழுந்தவர்கள் பல மணி நேரம் தரையிலேயே கிடந்தால் எலும்பு முறிவைவிட அதுவே பெரிய ஆபத்து என்று டாக்டர் சொன்னார். உடம்பில் நீர் வற்றும், அழுந்திய இடம் புண்ணாகும், தசை சிதைந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாமி கிடந்தது இரண்டரை மணி நேரம். அந்த அம்மாள் பால் பையைப் பார்த்தும் பாராமல் போயிருந்தால் மாலை வரை ஆகியிருக்கும்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் எனக்குத் தெரிந்த குடும்பத்தில் நடந்தது. இடத்தின் பெயர் வேண்டாம். பெரிய அடுக்குமாடி, வாசலில் காவலாளிகள், மாடிக்கு மாடி கேமரா. எழுபது வயதுப் பெரியவர் தனியாக இருந்தார், மனைவி மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போயிருந்தார். இரவில் பக்கவாதம் வந்துவிட்டது. வாசலில் இரண்டு நாள் செய்தித்தாள் கிடந்தது. அதைத் தாண்டித்தான் எல்லாரும் லிப்டுக்குப் போனார்கள். கேமரா வருகிறவரைப் பார்க்கும், வெளியே வராதவரைப் பார்க்காது. மறுநாள் மாலை கதவை உடைத்து எடுத்துப் போனார்கள். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி: 'கடைசியாக இவர் நன்றாக இருந்ததை யார், எப்போது பார்த்தது?' பதில் சொல்ல ஆளில்லை.

இந்தக் கேள்வியை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டால், கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். எப்போது வந்தது என்று தெரியாவிட்டால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் கணக்குப் பார்ப்பார்கள். ஸ்கேன் வசதியால் சிலருக்கு இந்தக் கெடு நீள்கிறது, எல்லாருக்கும் இல்லை. காலை ஆறு மணிக்கு ஒருவர் 'என்ன சார், வாக்கிங் கிளம்பிட்டீங்களா?' என்று கேட்டிருந்தால், அந்த ஒரு வாக்கியம் ஒருவரின் வலது கையையும் பேச்சையும் காப்பாற்றக்கூடும். அந்தப் பெரியவர் உயிர் பிழைத்தார். இரண்டும் திரும்பி வரவில்லை.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் கடும் வெப்ப அலை வீசி எழுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருந்த முதியவர்கள். எரிக் கிளினன்பெர்க் என்ற சமூகவியலாளர் அடுத்தடுத்து இருந்த இரண்டு பேட்டைகளை ஒப்பிட்டார். இரண்டிலும் ஏழைகள் உண்டு, தனியாக வாழும் முதியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு. அதே வெயில். ஆனால் ஒரு பேட்டையில் இறப்பு விகிதம் மற்றதைப் போலச் சுமார் பத்து மடங்கு. குறைவாக இறந்த பேட்டையில் கடைகளும் தெரு நடமாட்டமும் இருந்தன, முதியவர்கள் வெளியே வந்து போனார்கள், மற்றவர் கண்ணில் பட்டார்கள். 2015 மே மாத வெயிலில் நம் நாட்டில் இரண்டாயிரம் பேருக்கு மேல் இறந்ததும், அவர்களில் பெரும்பாலோர் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் இருந்தவர்கள் என்பதும் நமக்கு நினைவிருக்கும்.

ஜப்பானில் 2024-ஆம் ஆண்டில் மட்டும் வீட்டில் தனியாக இறந்து கிடந்தவர்கள் 76,000-க்கு மேல் என்று அந்நாட்டுப் போலீஸ் கணக்கெடுத்திருக்கிறது. அங்கே ஸோஜிருஷி என்ற கம்பெனி 2001-லேயே ஒரு வெந்நீர்க் கெட்டிலைக் கொண்டுவந்தது. வயதானவர் டீ போடுவதற்காக அதைப் பயன்படுத்தினால், தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குச் செய்தி போகும். அம்மா இன்று டீ போட்டிருக்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்று பொருள். கெட்டிக்கார யோசனைதான், பாராட்டுகிறேன். ஆனால் டீ போடவில்லை என்று ஒசாகாவில் இருக்கும் மகனுக்குத் தெரிந்தபின் டோக்கியோவில் கதவைத் தட்ட ஓர் ஆள் வேண்டுமே! கருவி செய்தி சொல்லும். நடந்து போய்ப் பார்ப்பது பக்கத்து வீட்டுக்காரர்தான்.

'அடுத்த வீட்டைக் கவனிப்பதா? அது வம்பல்லவா?' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஸ்டேஷன் மாஸ்டர் வேகனுக்குள் சிமெண்டா நிலக்கரியா என்று பார்ப்பதில்லை. சக்கரம் ஒழுங்காகச் சுழல்கிறதா, புகை வருகிறதா, கடைசி விளக்கு தெரிகிறதா என்று மட்டும் பார்க்கிறார். யார் வந்தார்கள், என்ன சண்டை, மருமகள் ஏன் கோபித்துக்கொண்டாள் என்பதெல்லாம் வேகனுக்குள் இருக்கும் சரக்கு. பால் எடுத்தாயிற்றா, விளக்கு எரிந்ததா, ஆள் நடமாடினாரா, இது போதும். நெருங்கிப் பழக வேண்டும் என்பதுகூட அவசியமில்லை. எத்தனையோ டிரைவர்களுக்குக் கொடி காட்டிய ஸ்டேஷன் மாஸ்டர் அவர்களில் பாதிப் பேரின் பெயரைக்கூட அறிந்திருக்க மாட்டார்.

எங்கள் குடியிருப்பில் மாமி விழுந்த பிறகு நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடுகளை எழுதுகிறேன். செலவு அதிகமில்லை.

1. தனியாகவோ தம்பதியராகவோ இருக்கும் முதியவர்களின் வீட்டை இன்னொரு வீட்டோடு ஜோடி சேர்த்தோம். 'எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள்' என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். ரயில்வேயில் எந்தப் பக்கம் யார் நிற்பது என்று முன்கூட்டியே தீர்மானம் உண்டு.

2. காலை எட்டு மணிக்குள் ஓர் அடையாளம். கோலம், எடுக்கப்பட்ட பால், உள்ளே எடுத்த செய்தித்தாள், ஏதாவது ஒன்று. எட்டு மணிக்கு அடையாளம் இல்லையென்றால் மணி அடிக்க வேண்டும். கூச்சப்படக் கூடாது. வீண் அலைச்சலாகப் போனால் ஒரு காபி கிடைக்கும்.

3. மாற்றுச் சாவி ஒன்று ஜோடி வீட்டில். ஊருக்குப் போனால் சொல்லிவிட்டுப் போவது.

4. பிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம். சாப்பிடும் மருந்துகள், ஒவ்வாத மருந்து, ரத்த வகை, டாக்டர், பிள்ளைகளின் எண். 108 சேவை 2005-ல் நம் ஹைதராபாத்தில்தான் தொடங்கியது, தமிழ்நாட்டுக்கு 2008-ல் போனது. வண்டியில் வருபவர்கள் முதலில் கேட்பது இந்த விவரங்களைத்தான். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணும் உண்டு.

5. குளியலறைக் கதவு. உள்பக்கமாகத் திறக்கும் கதவானால், விழுந்தவர் உடம்பே கதவைத் தடுத்துவிடும், வெளியிலிருந்து தள்ள முடியாது. தச்சரைக் கூப்பிட்டு வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றிவிடுங்கள். அதுவரை முதியவர்கள் உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டாம். கழிப்பறைச் சுவரில் ஒரு பிடிகம்பி பொருத்துங்கள்.

6. காஸ். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். அதற்கு இயற்கையில் வாசனை கிடையாது, நாம் அறிவதற்காகவே நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். வயதானால் மூக்கின் திறன் குறையும், ஆகவே அந்த நாற்றம் பக்கத்து வீட்டாருக்கு முதலில் தெரியலாம். அப்போது காலிங் பெல்லை அழுத்தாதீர்கள், சுவிட்சின் பொறியே போதும் தீப்பிடிக்க. கதவைக் கையால் தட்டுங்கள். ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.

இந்த ஜோடி ஏற்பாட்டில் தமிழ் வீட்டுக்குத் தமிழ் வீடுதான் என்று நாங்கள் தேடவில்லை. எங்கள் வீட்டுக்கு ஜோடி ஒரு மராத்திக் குடும்பம். மாமிக்கு ஜோடி அதே எதிர் வீட்டு அம்மாள். சங்கத்தில் கூடும்போது நாம் தமிழில் பேசி மகிழ்கிறோம், அது வேண்டும். ஆனால் சங்கத்து நண்பர் வீடு ஐந்து கிலோமீட்டரில் இருக்கிறது. விழுந்தவரைத் தூக்க வருபவர் எந்த மொழி பேசினாலும் நமக்குப் புரியும்.

இன்னொன்று. இளம் தம்பதியர் இதில் கொடுப்பவர்கள் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், ஸ்கூலிலிருந்து குழந்தை சீக்கிரம் வந்துவிட்டால் அது போய் நிற்பது அதே மாமி வீட்டில்தான். கேஸ் சிலிண்டர் வாங்கி வைப்பது, கூரியர் கையெழுத்துப் போடுவது, ஜுரத்துக்கு ரசம் அனுப்புவது எல்லாம் வயதானவர்கள் செய்வதுதான். கொடி இரண்டு பக்கமும் காட்ட வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. நம் வாசகர்களில் பலர் இந்த இதழை அவர்களுக்கு அனுப்புகிறார்கள் என்று அறிவேன். தினமும் இரவு அம்மாவிடம் பேசுகிறீர்கள், நல்லது. ஒரு நாள் அம்மா போனை எடுக்காவிட்டால் அடுத்து யாரைக் கூப்பிடுவீர்கள்? சென்னையில் இருக்கும் சித்தப்பாவைக் கூப்பிட்டு என்ன பயன்? உங்கள் போனில் அம்மாவின் பக்கத்து வீட்டு எண் இருக்க வேண்டும். அடுத்த முறை ஊருக்கு வரும்போது சாக்லேட் பாக்கெட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு நேரில் போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

வாசகர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், சாவியைப் பற்றிப் பேசுங்கள், எட்டு மணி அடையாளம் எது என்று முடிவு செய்யுங்கள். பிறகு அந்த எண்ணைப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுங்கள். மொத்தம் பத்து நிமிட வேலை.